அடங்கலில் இல்லாத பயிர்

மூலனூருக்குத் தெற்கே, ஒரு மாசி மாதக் காலை. கிளுவை வேலியின் கடவை அடைத்திருந்த மூங்கில் படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அந்தப் பெரியவர் உள்ளே நடந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நாலு ஏக்கர் காடு. முழங்கால் உயரப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றது. இடையிடையே வெள்வேல மரங்கள். மரத்தடி நிழலில் மேச்சேரி ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. மேய்ப்பவர் என்று யாரும் கண்ணில் படவில்லை.

குனிந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். பஞ்சு பஞ்சாகச் சுணை மூடிய விதை. ஊதினால் பறந்துவிடும். அதனால் விதைக்கும்போது ஈர மணலில் கலந்துதான் தூவ வேண்டும் என்றார். அந்த வருடத்து விதையை அந்த வருடமே போட்டால் சரியாக முளைக்காது. சாக்கில் கட்டி வைத்து அடுத்த பருவத்துக்குத்தான் எடுப்பார்களாம். எந்தப் பயிரையும் போல இதற்கும் விதை நேர்த்தி, பருவம், பதம் எல்லாம் உண்டு.

"இந்தக் காட்டை அடங்கல்ல தரிசுன்னு எழுதி வெச்சிருக்காங்க தம்பி. தரிசுன்னா என்னங்க? ஒண்ணும் வெளையாததுதான? எங்கய்யன் காலத்துல இருந்து இந்தப் பூமி ஒரு வருசங்கூட வெளையாம இருந்ததில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல பேரிடம் பல முறை சொல்லிச் சலித்த குரல்.

அந்தக் கேள்வியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்து இங்கே வைக்கிறேன். நாட்டின் உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நெல்லையும் கோதுமையையும் எண்ணுகிறோம். புல்லை எண்ணுவதில்லை. புல் விளையும் நிலத்துக்குத் 'தரிசு' என்று பெயர் வைத்துவிட்டதால், அது அழிவதும் நம் கணக்கில் வருவதில்லை. இந்தப் பிழையின் விலையை இப்போதே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இனி இன்னும் அதிகமாகக் கொடுப்போம்.

அந்தப் பெரியவரின் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். கொங்குப் பேச்சில் காடு என்றால் வனம் இல்லை; மானாவாரி நிலம். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில், திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடும் வறண்ட பரப்பில் கொரங்காடுகள் விரிந்து கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டினாலே நல்ல மழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடி மாதத்தில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்காலோ, கீழ்பவானியோ, அமராவதியோ எட்டாத மேட்டு நிலம். சரளையும் சுக்கான் கல்லும் கலந்த மண். இங்கே நெல்லைப் பற்றி நினைக்கக்கூட முடியாது. சோளமும் கம்பும்கூட மூன்று வருடத்தில் ஒரு வருடம் கைவிட்டுவிடும்.

அந்த மண்ணில் என்ன செய்யலாம் என்று தலைமுறை தலைமுறையாக யோசித்த மக்கள் கண்ட விடைதான் கொரங்காடு. மூன்று தாவரங்கள் சேர்ந்தது அது. தரையில் கொழுக்கட்டைப் புல். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். கோடையில் செத்ததுபோல் கிடந்து, ஒரு நல்ல மழை விழுந்த சில நாட்களில் அடித்தூரிலிருந்து துளிர்விடும். அதற்கு மேலே வெள்வேல மரம். மாடு கன்றுகளுக்கு நிழல் தரும். புல் முழுக்கத் தீர்ந்துபோகும் காலத்தில் அதன் நெற்று ஆடுகளுக்கு நல்ல தீனியாகும். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. மழைக்காலத்தில் போத்து வெட்டி நட்டால் போதும். கம்பியும் வேண்டாம், கல்காலும் வேண்டாம். வேலி தழைக்கத் தழைக்க அதன் தழையையும் ஆடு தின்னும்.

பொதுநிலத்தில் தானாக முளைத்த புல்லை மேய்ப்பது வேறு, கொரங்காடு வேறு. இது பட்டா நிலம். உழுது, விதைத்து, வேலி கட்டி, வருடா வருடம் பராமரிக்கும் பயிர் நிலம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல் மெலிந்தால் உழவு ஓட்டி, கம்போ கொள்ளோ தூவி, கூடவே கொழுக்கட்டை விதையையும் போடுவார்கள். தானியம் வந்தால் லாபம். வராவிட்டாலும் புல் வரும். கதிர் முற்றி விதை உதிரும்வரை படலைத் திறப்பதில்லை. அதன் பிறகு கால்நடையை விட்டால், குளம்பு மிதியில் விதை மண்ணுக்குள் போகும். ஆடு தின்ற வெள்வேல நெற்றின் கொட்டை புழுக்கையோடு விழுந்து, மழைக்கு முளைக்கும். மரக்கன்று நட ஆள் வைக்க வேண்டியதில்லை.

காட்டைப் பல துண்டுகளாக வேலியிட்டுப் பிரித்து வைத்திருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு துண்டில் மேயும்போது மற்றவை ஓய்வில் இருக்கும். பெரியவர் வீட்டில் முதலில் கறவை மாட்டையும் கன்றுகளையும் விடுவார்கள். அவை நுனியை மேய்ந்த பிறகு ஆடுகளைத் திறந்துவிடுவார்கள், ஆடு தரையோடு கறும்பும் என்பதால். நியூசிலாந்திலும் ஐரோப்பாவிலும் சுழற்சி மேய்ச்சல் என்று பாடப்புத்தகத்தில் எழுதிப் பயிற்றுவிக்கும் முறையை, எந்தப் பயிற்சியும் இல்லாத நம் விவசாயிகள் கிளுவைப் போத்தால் செய்து வைத்திருக்கிறார்கள். உயிர்வேலி இருப்பதால் ஆள் நின்று மேய்க்க வேண்டியதில்லை. காலையில் திறந்துவிட்டுப் போய், சாயங்காலம் வந்து பட்டியில் அடைத்தால் போதும். வேலைக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று விவசாயியைக் கேட்டால் தெரியும்.

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மந்தைகளால் அந்த இனத்துக்குப் பெயர் வந்தது என்பது பலருக்கும் தெரியும். அந்த மந்தைக்குப் பின்னால் இருந்த புல்லின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் வணிகர்களிடம் தனி மதிப்பு உண்டு. அந்த ஆடும் இதே போன்ற வறண்ட மேய்ச்சலின் வரவுதான்.

2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மாதம்தான் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதே மாதம்தான் மெரினாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் காளைக்காகத் திரண்டார்கள். அந்தத் திரளில் இருந்த அன்பு உண்மையானது. ஆனால், அதே நாட்களில் வைக்கோல் வாங்க வழியில்லாமல் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். காளை என்ன தின்று வாழும் என்ற கேள்வி மெரினாவுக்கும் வரவில்லை, சட்டமன்றத்துக்கும் வரவில்லை. மாட்டினத்தைக் காப்பாற்றுவது என்றால் முதலில் அது மேயும் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இனி, உணவுக் கணக்குக்கு வருவோம். 2023-24-இல் இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி 33 கோடி டன்னைத் தாண்டியது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேருக்கும் வரை மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. பட்டினிச் சாவு என்ற சொல்லைச் செய்தித்தாளிலிருந்து விரட்டியதில் ரேஷன் கடைக்குப் பெரும்பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால், அதே நாட்டில் 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குழந்தைகளில் 35 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கிடங்கில் அரிசி இருக்கிறது, உடம்பில் ரத்தம் இல்லை. வயிறு நிறைவதும் உடம்பு தேறுவதும் வேறு வேறு என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். உடம்பு தேறப் பால், தயிர், முட்டை, கறி, பருப்பு வேண்டும். இவற்றில் பாலும் ஆட்டுக்கறியும் எங்கிருந்து வருகின்றன? கடைசியில் போய்ப் பார்த்தால் புல்லிலிருந்து.

மனிதன் புல்லைத் தின்ன முடியாது. அசைபோடும் விலங்கு தின்னும். தின்று, பாலாகவும் கறியாகவும் எருவாகவும் மாற்றித் தரும். உலகம் முழுவதும் கால்நடைகள் தின்னும் தீவனத்தில் 86 சதவீதம் மனிதர் உண்ண முடியாத பொருள் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டார்கள். நெல் விளையாத நிலத்தில், மனிதன் தின்ன முடியாத ஒன்றை வளர்த்து, மனிதன் தின்னக்கூடிய ஒன்றாக மாற்றுவது - கொரங்காடு செய்வது இதைத்தான். அரிசியோடு அது போட்டி போடவில்லை. நெல்லுக்கு ஒரு ஏக்கரையும் அது பறிக்கவில்லை. ஒரு குடம் பாசன நீரையும் கேட்கவில்லை.

நாட்டில் உழப்படும் நிலத்தில் ஏறத்தாழ பாதி இன்னமும் மானாவாரிதான். வேளாண் துறையின் மொத்த மதிப்பில் சுமார் 30 சதவீதம் கால்நடையிலிருந்து வருகிறது. 1998 முதல் உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-இல் ஏறத்தாழ 24 கோடி டன் பால். இந்தப் பெருமையைச் சொல்லாத அமைச்சர் இல்லை. அந்தப் பாலைச் சுரக்கும் மாடுகள் எதைத் தின்கின்றன, அது எந்த நிலத்தில் விளைகிறது என்று சொன்ன அமைச்சரை நான் கேட்டதில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 53 கோடிக்கும் மேல் கால்நடைகள் இருக்கின்றன. நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று அரசுக் கணக்கில் இருப்பது சுமார் 1 கோடி ஹெக்டேர். நாட்டின் பரப்பில் 3 சதவீதம். பயிரிடும் பரப்பில் தீவனப் பயிருக்கு ஒதுக்குவது 4 சதவீதம் அளவில்தான் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். மேய்ச்சல் நிலம் 1.1 லட்சம் ஹெக்டேர் அளவு; மாநிலப் பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு எல்லாம் சேர்த்தால் 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு ஹெக்டேர் மேய்ச்சலுக்கு 200 கால்நடைகளுக்கு மேல் வரும். எந்தப் புல்லும் இதைத் தாங்காது.

ஆக, மாடு மூட்டையைத் தின்கிறது. டெல்டாவில் அறுவடை இயந்திரம் போன பின்னால் சுருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டுகள் லாரி லாரியாக மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகின்றன. அந்த வருடம் டெல்டாவில் தண்ணீர் திறக்கவில்லை என்றால், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாட்டின் வயிறு காயும். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, ஆலைத் தீவனம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் விலையில். மக்காச்சோளத்தைப் பாருங்கள். எத்தனால் ஆலைகளுக்கு அது போகத் தொடங்கியதும் நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள் விலை தாங்காமல் இறக்குமதிக்கு அனுமதி கேட்டார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. வண்டிக்கு எரிபொருளாகப் போகும் தானியத்தைக் கோழியும் மாடும் போட்டி போட்டு வாங்க வேண்டிய நிலை. பால் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்கும் நகரத்து வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பால் செலவில் பெரும்பகுதி தீவனச் செலவு. புல் அழிந்தால் அந்தச் செலவு உங்கள் காலைக் காபியில் வந்து விழும்.

ஜான்சியில் 1962 முதல் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'கோ 1 நீலக் கொழுக்கட்டை' என்று மானாவாரிக்கான ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை. ஆனால், கால்நடைத் துறையின் கூட்டத்துக்குப் போனால் பேச்செல்லாம் கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லைப் பற்றித்தான். அதற்குத் தண்ணீர் வேண்டும். கிணறு உள்ளவனுக்கு நல்ல புல். ஆயிரம் அடி ஆழ்துளையில் காற்று மட்டும் வரும் மூலனூர் விவசாயிக்கு அதனால் என்ன பயன்?

இருக்கிற கொரங்காடும் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. தாராபுரம் சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்: முதலில் காற்றாலைகள் வந்தன. ஒரு காற்றாலைக்கு வேண்டியது குறைந்த இடம்தான், அதன் காலடியில் ஆடு மேயவும் முடியும். சூரிய மின்தகடு அப்படியில்லை. ஒரே வளாகமாகப் பல ஏக்கரை வாங்கி, கிளுவையைப் பிடுங்கி, வெள்வேலத்தை வெட்டி, கம்பிவேலி போட்டுத் தகடு பதிக்கிறார்கள். காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய்க் களங்களும் ஆலைகளும் வீட்டுமனைகளும் பரவுகின்றன. மூலனூர்ப் பக்கம் முருங்கை வந்தது. அது பரவாயில்லை, விவசாயிக்கு நாலு காசு தருகிறது. மகன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் போன பிறகு, பராமரிப்பு இல்லாத காடுகளில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் புகுந்துவிடுகின்றன.

சமீப ஆண்டுகளில் இன்னொரு துயரமும் சேர்ந்துகொண்டது. காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். இழப்பீடு கேட்டுப் பல நாள் போராடினார்கள். ஆளில்லாமல் மேயலாம் என்பதுதான் கொரங்காட்டின் பலம் என்றேன். அந்தப் பலத்திலேயே அடி விழுந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் பத்து ஆட்டை இழந்தவர் அடுத்த நாளே நிலத்தரகரிடம் பேசப் போனால் அவரைக் குறை சொல்ல நம்மால் முடியுமா?

பட்டா நிலத்தின் கதை இது. பொது மேய்ச்சலின் கதை இதைவிடப் பழையது. ஒவ்வொரு ஊருக்கும் மந்தை இருந்தது. சென்னையில் மந்தைவெளி இன்றைக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர். வருவாய்ப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதிய நிலங்களில் எத்தனையோ அரசு அலுவலகங்களும் குடியிருப்புகளும் குப்பைக்கிடங்குகளும் எழுந்துவிட்டன. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றி மக்களிடம் திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தென்னிந்தியாவின் மந்தைவெளியையும் புறம்போக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தீர்ப்பு அது. குளங்களுக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டி வழக்குப் போட்டவர்கள் உண்டு. மேய்க்காலுக்கு அப்படி வாதாட ஆள் குறைவு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லா வனங்களிலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. சில நாட்களில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. பர்கூர் மலை மாடும் தேனிப் பக்கத்து மலை மாடும் வைத்திருப்பவர்கள் அந்த இடைப்பட்ட நாட்களில் பட்ட பதைப்பு கொஞ்சமல்ல. வனத்துக்குள் போகாதே என்றால், வெளியே எங்கே மேய்ப்பது என்று சொல்லும் கடமையும் அரசுக்கு இருக்கிறது.

நாடு முழுவதும் இதே நிலைதான். பாலைவனமாதல் தடுப்பு குறித்த ஐ.நா. மாநாட்டில் 2019-இல் இந்தியா தந்த தரவுகளின்படி, 2005 முதல் 2015 வரையிலான பத்தாண்டுகளில் நாடு இழந்த புல்வெளி 56 லட்சம் ஹெக்டேர். இருந்ததில் 31 சதவீதம். கட்ச் பகுதியின் பன்னி புல்வெளி ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று. அங்கே உப்பு பரவுவதைத் தடுக்க 1960-களில் சீமைக் கருவேலத்தை அரசே விதைத்தது. அது புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கியது. மால்தாரி மேய்ப்பர்கள் தங்கள் எருமைகளோடு இன்னமும் அங்கே போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பன்னி எருமை 2010-இல்தான் தனி இனமாகப் பதிவானது. மரம் நடுவது எங்கும் புண்ணியம் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. புல்வெளியில் அது பாவமாகவும் முடியும் என்பதற்குப் பன்னி சாட்சி.

மறுப்புகளை நான் அறியாதவன் அல்ல. கொரங்காட்டில் ஏக்கருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்பார்கள். குறைவுதான். காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். அது உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம், டிராக்டர் வந்த பிறகு அந்த வேலையும் போய்விட்டது. இன்றைக்குக் கொரங்காட்டைத் தாங்கிப் பிடிப்பது ஆட்டுக்குட்டி விற்ற பணமும், வருடக் குத்தகைக்கு மேய்ச்சலை ஏலம் விட்ட பணமும்தான். ஆனால், வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பார்க்காமல் விடுவது கணக்காகாது. உரம் வாங்கவில்லை, பூச்சிமருந்து இல்லை, மின்மோட்டார் இல்லை, பயிர்க் கடன் இல்லை. மழை பொய்த்த வருடத்தில் வாழை போட்டவர் கடனாளியாவார். கொரங்காட்டுக்காரர் நாலு ஆட்டை விற்றுச் சமாளித்து, அடுத்த மழைக்குக் காத்திருப்பார். அந்த மண்ணில் பிழைப்பதற்கு இதைவிடப் பத்திரமான வழியை எந்த ஆராய்ச்சி நிலையமும் இதுவரை காட்டவில்லை.

மாடு மீத்தேன் விடுகிறதே, பருவநிலை கெடுகிறதே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், அசைபோடும் விலங்கு மீத்தேன் விடும். அதற்காகக் கொரங்காட்டை அழித்தால் மாடு குறையாது. அந்த மாடு கொட்டகையில் கட்டிக்கிடந்து, லாரியில் வந்த வைக்கோலையும் ஆலைத் தீவனத்தையும் தின்னும். உழாமல் கிடக்கும் புல்நிலம் வேர்களில் சேர்த்து வைத்த கரிமம்தான் காற்றுக்குத் திரும்பிப் போகும்.

சூரிய மின்சாரம் வேண்டாமா என்றும் கேட்கலாம். வேண்டும். ஆலைக் கூரைகளும் கிடங்குக் கூரைகளும் வாய்க்கால் கரைகளும் இருக்கும்போது, நூறு ஆண்டு நின்ற வெள்வேலத்தை வெட்டித்தான் அதைக் கொண்டுவர வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பதிவேட்டில் அந்த நிலம் தரிசாக இருப்பதால், அனுமதி தரும் அதிகாரிக்கு அங்கே அழிவது எதுவும் தெரியவில்லை. ஒரு சொல்லில் வந்த பிழை இது. வெள்ளைக்காரன் தீர்வை வராத நிலத்துக்கெல்லாம் வைத்த பெயரை, வரி கேட்காத அரசு வந்த பிறகும் நாம் மாற்றவில்லை.

திருத்தத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கிராமக் கணக்கு எண் 2 என்னும் அடங்கலில், சர்வே எண்ணுக்கு நேரே என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று எழுத இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது கைபேசிச் செயலி வழியாகவும் பயிர்க் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் கொழுக்கட்டைப் புல் விதைத்த நிலத்தைப் பயிர் நிலமாகவே பதிய வேண்டும். பயிர் என்று எழுதினால்தான் அது வறண்டபோது நிவாரணம் வரும். விதைக்கு மானியம் வரும். நிலமாற்றம் கேட்கும் விண்ணப்பத்தில் அதிகாரி ஒருமுறையாவது யோசிப்பார். நெல் போடுகிறவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் அரசு, தண்ணீர் கேட்காமல் பாலும் கறியும் தரும் நிலத்தை வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் பராமரிப்புத் தொகை கொடுப்பதில் என்ன தடை? பழைய கிளுவை வேலியைப் புதுப்பிக்கவும், சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுத்துப் புல் விதைக்கவும் ஊரக வேலைத்திட்டத்தின் ஆட்களைத் தரலாம். மேய்க்காலில் மீதமிருப்பதை அளந்து கல் ஊன்றினால், கொரங்காடு இல்லாத ஏழைப் பெண்களின் நாலு ஆட்டுக்கும் இடம் கிடைக்கும். குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டினத்தோடு சேர்த்துக் கொரங்காட்டையும் பேசிவருகிறது. இன்னும் பல விவசாயிகள் பெயர் தெரியாமல் விதையைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அவர்களில் பலருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. மாநாடு நடத்துவார்கள், மலர் வெளியிடுவார்கள். நடத்தட்டும். தமிழ்நாட்டு வருவாய்த் துறையிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. மூலனூர் வட்டாரத்தின் கிராம நிர்வாக அலுவலர் அடுத்த பசலியில் அடங்கலைத் திறக்கும்போது, அந்தப் பெரியவரின் நாலு ஏக்கருக்கு நேரே 'தரிசு' என்பதை அடித்துவிட்டு, 'கொழுக்கட்டைப் புல்' என்று எழுதட்டும்.